வாழ்க்கை மாறும்போது தன்மதிப்பு ஏன் ஆட்டம் காண்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மாறுவது, கல்லூரிக்குப் போவது, கல்யாணம், குழந்தை, வேலை போவது, பணி ஓய்வு. இதில் எது வந்தாலும் கொஞ்ச நாளைக்கு 'நான் எதற்குமே லாயக்கில்லையோ' என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முதல் கேள்வியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றபடி உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம்.

தன்மதிப்பும் தன்னம்பிக்கையும் ஒன்றுதானே?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றில்லை. தன்னம்பிக்கை ஒரு காரியத்தைப் பற்றியது: இந்த வண்டியை என்னால் ஓட்ட முடியும், இந்த நேர்காணலைச் சமாளிக்க முடியும். தன்மதிப்பு மொத்த ஆளைப் பற்றியது: இந்தக் காரியம் சொதப்பினாலும் நான் மதிக்கத்தக்க ஆள்தானா? அதனால்தான் ஆபீசில் அத்தனை வேலையையும் அசராமல் முடிக்கிற ஒருவர், தன்னை ஒரு பொருட்டாகவே நினைக்காமலும் இருக்க முடிகிறது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதற்கு ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார். அடைந்ததை, அடைய வேண்டும் என்று நாம் குறிவைப்பதைக் கொண்டு வகுத்தால் வருவதுதான் தன்மதிப்பு. உலகத்திலேயே இரண்டாவது பெரிய குத்துச்சண்டை வீரர் வெட்கத்தில் செத்துப்போவார், ஏனென்றால் ஒரே ஒருவரை ஜெயிக்க முடியவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் அடி வாங்கக்கூடிய ஒல்லிப்பிச்சான் நிம்மதியாகத் தூங்குவார், அவர் அந்தப் பந்தயத்திலேயே இல்லை என்றார் ஜேம்ஸ். தன்னைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார்: உளவியலில் தன்னைவிட அதிகம் தெரிந்த ஆளைப் பார்த்தால் சுருக்கென்று இருக்குமாம், கிரேக்க மொழி தெரியாததில் துளி வெட்கமும் இல்லையாம்.

இந்தப் பந்தய விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு அதுதான் பதில். வாழ்க்கைக் கட்டம் மாறும்போது பெரும்பாலும் நாம் மட்டமாகிவிடுவதில்லை. எதன்மேல் பந்தயம் கட்டியிருந்தோமோ அந்த மைதானத்தையே மூடிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் அளக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மாரிஸ் ரோசன்பர்க் என்ற சமூகவியலாளர் நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு செய்து, 1965-இல் பத்தே வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது அதுதான். ஐந்து வாக்கியங்கள் நம்மை உயர்த்திச் சொல்லும், ஐந்து தாழ்த்திச் சொல்லும்; ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறோம் என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் கேட்டதை நன்றாகக் கவனித்தால், 'நான்தான் மற்றவர்களைவிடச் சிறந்தவன்' என்று எங்கேயும் வராது. 'மற்றவர்களுக்குக் குறையாத மதிப்பு எனக்கும் உண்டு' என்பதுதான் அதிகபட்சம். இணையத்தில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, மதிப்பெண் குறைந்தது, எனக்கு ஏதோ நோய் என்று முடிவு கட்டாதீர்கள். அது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை.

வயது ஏற ஏறத் தன்மதிப்பு குறைந்துகொண்டே போகுமா?

இல்லை, நேர்மாறு. உளவியலாளர் உல்ரிக் ஓர்த்தும் வேறு இருவரும் சேர்ந்து, ஒரே ஆட்களைப் பல வருடம் பின்தொடர்ந்த 331 மாதிரிகளை, மொத்தம் 1,64,868 பேரின் தரவை ஒன்றாகச் சேர்த்து 2018-இல் வெளியிட்டார்கள். 4 வயதிலிருந்து 11 வரை ஏறுகிறது, 11 முதல் 15 வரை அப்படியே நிற்கிறது, அப்புறம் 30 வரை விறுவிறு என்று ஏறுகிறது, மெதுவாக 60 வரைக்கும் ஏறிக்கொண்டே போகிறது. 60-இல் உச்சம். 70 வரை அதே உயரம், பிறகு மெல்ல இறக்கம், 90-க்கு மேல் கொஞ்சம் வேகமாக இறக்கம்.

இது சராசரி. உங்கள் சித்தப்பா 45 வயதில் உடைந்துபோனார் என்றால் ஆராய்ச்சி பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் 'இளமையோடு எல்லாம் போச்சு' என்ற நம் பொதுப் புலம்பலுக்கு ஆதாரம் இல்லை என்பது இதில் தெரிகிறது. இருபதுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: நீங்கள் இப்போது நிற்பது ஏறுகிற பகுதியில்.

என் பொண்ணு ஐந்தாவது வரை நன்றாக இருந்தாள். ஆறாவதுக்கு வேறு பள்ளி மாற்றியதிலிருந்து சுருண்டுவிட்டாள். வயதுக் கோளாறா?

வயது பாதி, பள்ளி மாறியது பாதி. ரொபர்ட்டா சிம்மன்சும் டேல் பிளைத்தும் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஒரு நல்ல ஒப்பீட்டைச் செய்தார்கள். சில பிள்ளைகள் எட்டாவது வரை ஒரே பள்ளியில் படித்தார்கள், சிலர் ஏழாவதிலேயே பெரிய பள்ளிக்கு மாறினார்கள். மாறிய பெண் குழந்தைகளின் தன்மதிப்பு இறங்கியது, மாறாதவர்களுக்கு அப்படி ஆகவில்லை. வயது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

நம் ஊரிலும் இதே இரண்டு வழிகள் உண்டு. நடுநிலைப் பள்ளி என்றால் எட்டாவது வரை அங்கேயே, தொடக்கப் பள்ளி என்றால் ஐந்தோடு வெளியே. பத்து வயதில் வேறு ஊர், பஸ், பாடத்துக்கு ஒரு டீச்சர், கூடவே கொஞ்ச நாளில் பூப்பெய்துவதும் சேர்ந்துகொள்கிறது. சிம்மன்ஸ் கண்ட முக்கியமான விஷயமே இதுதான்: ஒரு மாற்றத்தைப் பிள்ளைகள் தாங்குகிறார்கள், நாலைந்து ஒரே நேரத்தில் விழுந்தால்தான் சரிகிறார்கள். ஏதாவது ஓர் இடமாவது மாறாமல், பழகியதாக இருந்தால் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு மற்றதைச் சமாளிப்பார்கள்.

அதனால் பள்ளி மாறும் வருடத்தில் வீட்டையும் மாற்றாதீர்கள், முடிந்தால். பழைய தோழி, சாயந்திரம் போகிற கபடி, பாட்டி வீடு, இதில் ஒன்றையாவது 'படிப்பு கெடும்' என்று நிறுத்திவிடாமல் விட்டுவையுங்கள். சடங்கு வைத்தே ஆக வேண்டும் என்றால், அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதின்ம வயதில் தன்மதிப்போடு மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பது தோற்றம்தான் என்று உளவியலாளர் சூசன் ஹார்ட்டரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உடம்பு மாறுவதை அவளே இன்னும் ஏற்றுக்கொள்ளாத நேரத்தில் ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் வைப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

பள்ளியில் நான்தான் முதல். இப்போது இன்ஜினீயரிங் முதல் வருடத்தில் கடைசி பெஞ்ச். தமிழ் மீடியம். வகுப்பில் வாய் திறக்கவே பயம். நான் அவ்வளவுதானா?

உங்களை மாதிரி எத்தனையோ பேர் அந்த வகுப்பில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரிவதில்லை, அவ்வளவுதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் இப்போது பெரிய கல்லூரிகளிலும் இருக்கிறார்கள்.

ஜேம்ஸ் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். பள்ளியில் உங்கள் பந்தயம் 'வகுப்பில் முதலிடம்'. அங்கே போட்டி நாற்பது பேரோடு. இப்போது எல்லாப் பள்ளியின் முதலிடங்களையும் அள்ளி ஒரே அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். நீங்கள் குறையவே இல்லை, ஒப்பிடுகிற கூட்டம் மாறிவிட்டது. அதே பழைய பந்தயத்தை இங்கேயும் கட்டினால் முதல் செமஸ்டர் முடிவு வரும்போது வகுத்தலில் பூஜ்யம்தான் மிஞ்சும். (தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவோடு மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் நிறுத்தினார்கள். நல்ல முடிவு என்பேன். அதைத் தனியார் பள்ளி வாசல் பேனர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

இங்கிலீஷ் விஷயம் தனி. அது ஒரு திறமை, படித்தால் வரும். ஆனால் வகுப்பில் அது அறிவுக்கான சான்றிதழ் மாதிரி நடமாடுவதால் வலிக்கிறது. நடைமுறையில் உதவுவது இதுதான்: கேள்வியை முந்தைய நாளே எழுதிவைத்து, வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தனியாகத் தமிழும் இங்கிலீஷும் கலந்தே கேளுங்கள், உங்களைப் போன்ற இரண்டு மூன்று பேரைக் கண்டுபிடித்து பாடத்தைத் தமிழில் பேசிப் புரிந்துகொள்ளுங்கள், எழுதுவதை மட்டும் இங்கிலீஷில் எழுதிப் பழகுங்கள். அரியர் விழுந்தால் வீட்டில் மறைக்காதீர்கள். மறைக்கிற வேலை படிக்கிற வேலையைவிடக் கஷ்டம்.

எனக்கு மாற்றமே நடக்கவில்லை, அதுதான் பிரச்சினை. வயது 33. கல்யாணம் ஆகவில்லை, குரூப் தேர்வும் கைக்கு வரவில்லை. இது எதில் சேரும்?

இதுவும் வாழ்க்கை மாற்றம்தான். நான்சி ஷ்லாஸ்பர்க் என்ற ஆலோசனை உளவியலாளர் மாற்றங்களை மூன்றாகப் பிரித்தார். எதிர்பார்த்தது நடப்பது, எதிர்பாராதது நடப்பது, எதிர்பார்த்தது நடக்காமலே போவது. மூன்றாவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேலை போனால் ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். வேலை வராமலே இருந்தால் யாரும் வருவதில்லை, ஏனென்றால் எந்தத் தேதியில் வருவது? டிஎன்பிஎஸ்சிக்கு வருடக்கணக்கில் படிக்கிறவர்கள், வரன் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள், குழந்தைக்காகக் காத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான்.

கூடவே நம் சொந்தக்காரர்கள். 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று ஒவ்வொரு கல்யாண மண்டபத்திலும் ஒரு அத்தை கேட்பார். அவர் கெட்டவர் இல்லை, பேச வேறு விஷயம் தெரியவில்லை. ஆனால் கேட்கப்படுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் தன் கணக்கைச் சபையில் வாசிக்கிற மாதிரி இருக்கும். 'இருந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன் அத்தை, சாப்பிட்டீங்களா?' என்று ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு எல்லோரிடமும் அதையே சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்கம் தேடுவதில்தான் ஆள் களைத்துப்போகிறார்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். இத்தனை முறை, இந்த வருடம் வரை என்று ஓர் எல்லையை இப்போதே, மனது தெளிவாக இருக்கிற நாளில் முடிவு செய்யுங்கள். அதுவரைக்கும் முழுநேரமும் அதையே செய்யாமல் பகுதிநேரமாவது சம்பளம் வரும் ஒரு வேலை பாருங்கள், டியூஷன் எடுத்தாலும் சரி. பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு முறை வரும் ரிசல்ட் ஒன்றுதான் உங்கள் மதிப்பைச் சொல்லும் என்ற நிலையில் யாரும் தாக்குப்பிடிக்க முடியாது.

குழந்தை பிறந்ததும் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

குழந்தையைப் பிடிப்பதும் தன்னைப் பிடிக்காமல் போவதும் ஒரே நேரத்தில் நடக்கும். நார்வேயில் 80,000-க்கும் அதிகமான தாய்மார்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வில், கர்ப்பகாலத்தில் தன்மதிப்பு குறைந்தது, பிரசவத்துக்குப் பின் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை ஏறியது, அதற்குப் பிறகு வருடங்களில் மறுபடி மெல்ல இறங்கியது. அதாவது எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் இறக்கம் தொடங்குகிறது. நம்மூரில் அம்மா வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குத் திரும்புவதும், பேறுகால விடுப்பு முடிவதும் (தனியார் நிறுவனங்களில் சட்டப்படி 26 வாரம், தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 12 மாதம்) இதை ஒட்டித்தான் வருகின்றன.

கணவர்கள் இதைப் படித்தால்: 'ஹெல்ப் பண்றேன்' என்று சொல்லாமல் ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரிப் பால் பாட்டிலோ, தடுப்பூசித் தேதியோ, ஏதோ ஒன்று. மனைவி அதை நினைத்துப் பார்க்கவே வேண்டியிருக்கக் கூடாது.

பிரசவத்துக்குப் பின் அழுகை நிற்கவே இல்லை, தூக்கம் வரும் நேரத்திலும் தூங்க முடியவில்லை, குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயம் வருகிறது என்றால் இது தன்மதிப்புக் கேள்வி இல்லை. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

காதல் முறிந்துவிட்டது. இந்த அசிங்க உணர்வு போகவே போகாதா?

போகும். ஜெர்மனியில் சுமார் 9,000 பேரைப் பின்தொடர்ந்து 2017-இல் வந்த ஆய்வில், பிரிவுக்குப் பின் இறங்கிய தன்மதிப்பு ஒரு வருடத்தில் பழைய நிலைக்கு வந்திருந்தது. ஸ்டேட்டஸ் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

20 வருடம் ஐடியில் இருந்தேன். லே ஆஃப். பணம் இருக்கிறது, ஆனாலும் ஆள் காலியாகிவிட்ட மாதிரி இருக்கிறது. ஏன்?

இதற்கு மிகப் பழைய, மிக நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு கிராமம். ஊரே ஒரு ஜவுளி ஆலையை நம்பி இருந்தது, உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் ஆலை மூடியது. மரீ யகோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய், வேலையில்லாத ஊர் எப்படி இருக்கிறது என்று பார்த்து 1933-இல் வெளியிட்டார்கள். நேரம் கொட்டிக்கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தைக்கூட மறைந்திருந்து அளந்தார்கள். நின்று நின்று, மெதுவாக, எங்கேயும் போக வேண்டிய அவசியமில்லாத நடை. பெண்கள் வேகமாகவே நடந்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வீட்டு வேலை போய்விடவில்லை.

வேலை சம்பளத்தைத் தவிர ஐந்து விஷயங்களைச் சத்தமில்லாமல் தருகிறது என்று யகோடா பிற்பாடு எழுதினார்: நாளுக்கு ஒரு கட்டமைப்பு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், நாலு பேர் சேர்ந்து செய்யும் நோக்கம், ஓர் அந்தஸ்து, கட்டாயமாகச் செய்தே ஆக வேண்டிய ஏதோ ஒரு காரியம். உங்கள் சேமிப்பு சம்பளத்தை மட்டும்தான் ஈடுகட்டுகிறது. மீதி ஐந்தும் ஒரே நாளில், ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்தபோது போய்விட்டன. அதனால் அடுத்த வேலை கிடைக்கும்வரை காலையில் குளித்து உடுத்தி, குறித்த நேரத்துக்கு ஏதோ ஓர் இடத்துக்குப் போங்கள். நூலகமோ நண்பரின் கடையோ பரவாயில்லை. வாழ்க்கைத் துணையிடமும் பிள்ளைகளிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு பார்க்கில் போய் உட்காருகிற ஆட்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், வேண்டாம்.

அப்பா போன மாதம் ரிட்டயர் ஆனார். எதற்கெடுத்தாலும் கோபம். என்ன செய்வது?

கடைசி நாளில் மாலை, பொன்னாடை, வீடு வரைக்கும் ஆபீஸ் வண்டியில் ஊர்வலமாகக் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். மறுநாள் காலையில் எட்டு மணிக்கு அவரை யாருக்கும் தேவையில்லை. வேலை தருவதாக முந்தைய கேள்வியில் சொன்ன ஐந்தும் இவருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-இலிருந்து 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. 60 என்பது தன்மதிப்பு சராசரியாக உச்சத்தில் இருக்கிற வயது என்று மேலே பார்த்தோம். உச்சத்தில் இருக்கிற ஆளிடம்தான் நாற்காலியைத் திருப்பிக் கேட்கிறோம்.

அம்மாவையும் பாருங்கள். இத்தனை வருடம் பகல் முழுக்க அவர் கையில் இருந்த வீட்டுக்குள் திடீரென்று ஒரு மேலதிகாரி வந்துவிட்டார், பருப்பு டப்பாவுக்கு லேபிள் ஒட்டச் சொல்கிறார். இருவருக்கும் இது மாற்றம்தான்.

'ரெஸ்ட் எடுங்கப்பா' என்பது ரொம்பத் தவறான வார்த்தை. அவருக்குத் தெரிந்த தொழில் விஷயத்தில் உண்மையிலேயே உதவி கேளுங்கள். மின்வாரியத்தில் இருந்தவர் என்றால் தெருவில் நாலு பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது நல்லதுதான், ஆனால் அது ஒன்றே வேலை என்றால் அவரை இலவச டிரைவராக்கிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

கண்ணாடி முன்னால் நின்று 'நான் சிறந்தவன்' என்று தினமும் சொல்லச் சொல்கிறார்களே?

ஏற்கெனவே நன்றாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பலிக்கும். கனடாவில் உளவியலாளர் ஜோஆன் வுட் 2009-இல் வெளியிட்ட பரிசோதனையில், 'நான் அன்புக்குரிய ஆள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள், அவர்களைப் போலவே இருந்தும் அப்படிச் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். சொல்லச் சொல்ல உள்ளேயிருந்து 'அப்படியா, யார் சொன்னா?' என்று ஒரு குரல் கேட்கும் இல்லையா, அதுதான். கலிபோர்னியா மாநிலம் 1986-இல் தன்மதிப்பை வளர்க்கவே ஒரு பணிக்குழு அமைத்தது, அது வளர்ந்தால் சமூகப் பிரச்சினைகள் குறையும் என்று. 2003-இல் ராய் பாமைஸ்டரும் மற்றவர்களும் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்தபோது, தன்மதிப்பை ஏற்றினால் மதிப்பெண் ஏறும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. காரியம் கைகூடினால் மதிப்பு ஏறுகிறது, பெரும்பாலும் அந்தத் திசைதான்.

பிள்ளைகளைப் பாராட்டுவதிலும் இதே கதை. 'நீ ரொம்ப புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்த தோல்வியில் சீக்கிரம் கைவிட்டார்கள், உழைப்பைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள் என்று கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் காட்டினார்கள்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

மாற்றம் வந்த புதிதில் இறங்குவது இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே இருக்கிறது, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, செத்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேசுவது சுலபம் என்றால் மத்திய அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. அல்லது தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104. இரண்டிலும் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் பொருந்திய கேள்வியையே வாசித்துக் காட்டித் தொடங்கலாம்.